வீட்டுக் கூட்டத்தை நடத்துவது யார்?: கிறிஸ்தவச் சிறுகுழுத் தலைமை பற்றிய நான்கு விடைகள்

எட்டுப் பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடி, வேதம் வாசித்து, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தை நடத்த வேண்டியவர் யார்? குருப்பட்டம் பெற்ற போதகரா, அனுபவம் மிக்க விசுவாசியா, வீட்டுக்காரரா, அல்லது யாருமே வேண்டாமா? கேள்வி சிறியது. ஆனால் இதற்காக அரசுகள் சட்டம் இயற்றியுள்ளன, சபைகள் பிளந்துள்ளன, சிலர் சிறைக்கும் போயிருக்கிறார்கள்.

புதிய ஏற்பாடு இதற்கு ஒரே விடை தருவதாகத் தெரியவில்லை. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டிலும் பிலேமோன் வீட்டிலும் சபை கூடியதைப் பவுலின் நிருபங்கள் குறிப்பிடுகின்றன. வீட்டுக்காரரே கூட்டத்தை நடத்தினாரா என்பதை அவை சொல்வதில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரம், கூடிவரும் ஒவ்வொருவரிடமும் பகிர ஏதோ ஒன்று இருப்பதாகக் கருதுகிறது. எபிரெயர் நிருபத்தின் 13ஆம் அதிகாரமோ நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. பிற்காலத்தில் எழுந்த எல்லாத் தரப்பும் இவ்விரண்டில் ஒன்றைச் சார்ந்தே பேசியிருக்கிறது. தொல்லியல் தரும் ஒரு சான்றும் உண்டு. சிரியாவின் தூரா யூரோப்போஸ் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, 3ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் கூடிய வீடு ஒன்று அது. இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்துக் கூடமாக்கியிருக்கிறார்கள். கூடத்தின் ஒரு கோடியில் தாழ்வான சிறு மேடை எழுப்பியிருக்கிறார்கள். கூட்டம் பெருகியபோது முன்னால் நிற்பவருக்கென ஓர் இடமும் தனியாகப் பிரிந்திருக்கலாம். இதற்கு மேல் அந்த மேடையைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது.

இந்த விவாதத்தில் "தலைமை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று அதிகாரங்கள் கலந்து கிடக்கின்றன. வேதப் பகுதிக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் ஒன்று. உறுப்பினரின் வாழ்க்கையைப் பற்றி விசாரிக்கும் அதிகாரம் இன்னொன்று. யார், எப்போது, எவ்வளவு நேரம் பேசுவது என்று பேச்சை முறைப்படுத்தும் அதிகாரம் மூன்றாவது. வரலாற்றில் கிடைக்கும் விடைகள் இந்த மூன்றையும் வெவ்வேறு விதமாகப் பங்கிட்டவை. அவற்றின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் அந்தப் பங்கீட்டிலிருந்தே பிறக்கின்றன.

அரசும் சபையும் ஏன் அஞ்சின?

வீட்டுக் கூட்டங்களைக் கண்டு அதிகாரத்தில் இருந்தவர்கள் அஞ்சியதற்குச் சட்டங்களே சாட்சி. இங்கிலாந்தின் 1664ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு குடும்பத்தாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ ஆங்கிலிக்கன் முறைக்குப் புறம்பான வழிபாட்டுக்குக் கூடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சுவீடன் 1726இல் கொண்டுவந்த தடை 1858 வரை நீடித்தது.

டென்மார்க்-நார்வே அரசு 1741இல் பிறப்பித்த ஆணை வேறு வகையானது. அதைப் பிறப்பித்த ஆறாம் கிறிஸ்தியன், 1706இல் தரங்கம்பாடி வந்துசேர்ந்த மிஷனரிகள் சீகன்பால்குவையும் புளுட்ச்சோவையும் அனுப்பிய நான்காம் பிரெடெரிக்கின் மகன். பயட்டிசம் எனப்பட்ட பக்தி எழுச்சியில் அவருக்கே ஈடுபாடு உண்டு. எனவே ஆணை கூட்டங்களை முற்றாகத் தடுக்கவில்லை, உள்ளூர்க் குருவின் அறிவுக்கும் மேற்பார்வைக்கும் உட்பட்டு நடக்கச் சொன்னது. நார்வேயில் ஊர் ஊராகச் சென்று கூட்டம் நடத்திய விவசாயி மகன் ஹான்ஸ் நீல்சன் ஹவுகே பலமுறை கைதானதும், 1804 முதல் பல ஆண்டுகள் சிறையில் கிடந்ததும் இந்த ஆணையின் பெயரால்தான். 1842இல் அது நீக்கப்பட்டது.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1630களில் பாஸ்டனில் ஆன் ஹட்சின்சன் தம் வீட்டில் நடத்திய கூட்டம், போதகர் ஜான் காட்டனின் பிரசங்கத்தைப் பெண்களுக்குத் திருப்பிச் சொல்வதில்தான் தொடங்கியது. நாளடைவில் ஆண்களும் வந்தார்கள். மற்றப் போதகர்களின் பிரசங்கங்கள் சரிதானா என்று எடைபோடும் இடமாகவும் அது மாறியது. 1637இல் ஆளுநர் வின்த்ராப் தலைமையிலான மன்றம் அவரை விசாரித்து நாடு கடத்தத் தீர்ப்பளித்தது. திருப்பிச் சொல்வதிலிருந்து தீர்ப்புச் சொல்வதற்குக் கூட்டம் நகர்ந்தபோது, பொருள் சொல்லும் அதிகாரம் கைமாறிவிட்டது. பிரசங்க மேடைக்கு அதுதான் பொறுக்கவில்லை.

முதல் விடை: ஆசிரியர்

வீட்டுக் கூட்டம் வேண்டும், ஆனால் அதைக் கற்றறிந்த போதகர் நடத்த வேண்டும் என்பது முதல் விடை. இதற்கு மூலத்தை லூத்தரிடமே காட்டுவார்கள். 1526இல் ஜெர்மன் வழிபாட்டு முறைக்கு எழுதிய முன்னுரையில், மெய்யாகவே கிறிஸ்தவராக வாழ விரும்புவோர் வீடுகளில் கூடும் ஒரு முறையை அவர் கற்பனை செய்து பார்த்தார். அதற்குரிய ஆட்கள் தம்மிடம் இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பிராங்க்பர்ட்டின் தலைமைப் போதகர் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1670இல் அதைச் செய்து பார்த்தார். அவர் வீட்டில் கூடிய குழு முதலில் பக்தி நூல்களையும் பின்னர் வேதத்தையும் வாசித்து உரையாடியது. 1675இல் வெளியான "பியா தெசிதேரியா" என்ற அவருடைய நூல் இந்த முறையை எல்லாச் சபைகளுக்கும் பரிந்துரைத்தது. எல்லோரும் பேசலாம், ஆனால் போதகர் உடனிருந்து பிழையைத் திருத்த வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

பிழையான போதனையிலிருந்து குழுவைக் காப்பதே இந்த முறையின் பலம். இதன் பலவீனமும் ஸ்பேனரின் காலத்திலேயே வெளிப்பட்டது. அவருடைய வட்டத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் யோஹான் யாக்கோப் ஷூட்ஸும் அவருடன் இருந்தோரும் போதகர் இல்லாமலே கூடப் பழகினார்கள். காலப்போக்கில் சபையின் திருவிருந்திலிருந்தும் விலகிக்கொண்டார்கள். வாசிக்கவும் பேசவும் மக்களைப் பழக்கிய பிறகு, போதகர் இருக்கும்போது மட்டுமே பேசுங்கள் என்று கட்டுப்படுத்துவது எளிதாக இருக்கவில்லை.

ஸ்பேனர் தொடங்கிவைத்த பயட்டிசத்தின் மையமான ஹாலேயில் படித்தவர்தான் சீகன்பால்கு. அந்த மரபின் வழியே தமிழகத்தில் வேரூன்றிய மிஷன்களில் கிராமக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு நாளடைவில் உபதேசியாரிடம் சேர்ந்தது. குருப்பட்டம் பெறாத அவர் மாலை ஜெபம் நடத்தினார், ஞானோபதேசம் கற்பித்தார், பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார். ஆசிரியரே தலைவர் என்ற விடையின் உள்ளூர் வடிவம் அது. போதகர் எப்போதாவது வந்துபோகும் ஊர்களில் சபை நிலைத்ததற்கு உபதேசியாரே காரணம். வாசிக்கத் தெரிந்த ஒருவரை மற்ற எல்லோரும் சார்ந்திருக்கும் பழக்கத்தையும் அந்த ஏற்பாடு உறுதிப்படுத்தியிருக்கக்கூடும்.

இரண்டாம் விடை: விசாரிப்பவர்

இரண்டாம் விடை ஒரு கடன் பாக்கியில் தொடங்கியது. 1742 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகர மெதடிஸ்ட்டுகள் தங்கள் கூடத்தின் கட்டடக் கடனை எப்படி அடைப்பது என்று யோசித்தார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரட்டும் என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். ஏழைகளால் அது முடியாதே என்று மறுப்பு எழுந்தது. பதினொரு ஏழைகளைத் தம் பொறுப்பில் விடும்படியும், தர முடியாதவர்களுக்காகத் தாமே தருவதாகவும் அவர் சொன்னார். இப்படி ஏறக்குறையப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று "வகுப்பு" பிறந்தது.

பணம் வாங்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கே நடப்பதையும் பார்த்தார்கள். யார் குடிக்கிறார், எந்த வீட்டில் சண்டை என்பது தெரியவந்தது. தாம் நெடுநாளாகத் தேடிய வழி இதுவே என்று மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி கண்டுகொண்டார். வீட்டுக்கு வீடு போவதை விட்டு வாரம் ஒருமுறை ஒன்றாகக் கூடும் முறை விரைவிலேயே ஏற்பட்டது. 1743இல் வெளியான பொதுவிதிகள் வகுப்புத் தலைவரின் வேலையை வரையறுத்தன. வாரம் ஒருமுறையாவது ஒவ்வொருவரையும் பார்த்து ஆத்தும நிலையை விசாரிக்க வேண்டும். தேவைக்கேற்பக் கடிந்துகொள்ளவோ ஆறுதல் சொல்லவோ வேண்டும். பணத்தைக் கணக்கர்களிடம் சேர்க்க வேண்டும். நோயுற்றவர்களையும் ஒழுங்கு தவறியவர்களையும் பற்றிப் போதகருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இங்கே பொருள் சொல்லும் அதிகாரம் பிரசங்கியாரிடமே இருந்தது. வகுப்புத் தலைவர் பெற்றது விசாரிக்கும் அதிகாரத்தை மட்டுமே. அதற்கு இறையியல் படிப்பு தேவைப்படவில்லை. எனவே சாதாரணத் தொழிலாளர்களும் பெண்களும் தலைவர்களானார்கள். தலைவரும் வாரந்தோறும் இன்னொருவருக்குக் கணக்குக் கொடுத்தார். இதைவிட நெருக்கமான "பேண்ட்" குழுக்களுக்காக 1738இல் எழுதப்பட்ட விதிகளில் கவனிக்க வேண்டிய ஓர் ஏற்பாடு உண்டு: ஒருவர் முதலில் தம் நிலையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்கத் தொடங்க வேண்டும்.

இந்த முறை ஏன் தேய்ந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வகுப்புக்கு வருவது உறுப்பினராக இருப்பதற்கான நிபந்தனை என்ற நிலை தளர்ந்தது. ஊர் சுற்றிய பிரசங்கியார்கள் ஓரிடத்தில் தங்கும் போதகர்களானதால் வகுப்புத் தலைவருக்கு வேலை குறைந்தது என்பது ஒரு விளக்கம். வாராவாரம் அதே கேள்விக்கு அதே சாட்சி சொல்லி அலுத்துவிட்டது என்பது மற்றொன்று. தலைவர்கள் கேட்பதை விட்டுப் பிரசங்கிக்கத் தொடங்கினார்கள் என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தே நடந்திருக்கலாம். உறுப்பினராக நீடிப்பதோடு பிணைக்கப்பட்ட விசாரணையில், உண்மையைச் சொல்பவருக்கு இழப்பு நேரும் வாய்ப்பு எப்போதும் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் விடை: யாரும் வேண்டாம்

தலைவர் என்ற இடமே தவறு என்று சொன்னவர்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய குவேக்கர் கூட்டத்தில் எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். ஏவப்பட்டதாக உணர்பவர் எழுந்து பேசுவார், பிறகு மீண்டும் மௌனம். கூட்டம் முடிந்தது என்பதை, அந்தப் பொறுப்பை ஏற்ற மூத்தவர் பக்கத்தில் இருப்பவரின் கையைக் குலுக்கித் தெரிவிப்பார். தலைவர் இல்லாத கூட்டத்திலும் முடித்துவைக்க ஒரு கை தேவைப்பட்டிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் சகோதர சபை இயக்கம் இன்னொரு வடிவம். குருப்பட்டம் பெற்றவர் இல்லாமலே விசுவாசிகள் கூடி அப்பம் பிட்கலாம் என்பது அதன் முன்னோடிகளில் ஒருவரான ஆன்டணி நாரிஸ் குரோவ்ஸின் உறுதியான கருத்து. 1833இல் அவர் இந்தியா வந்தார். திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸிடம் பயின்ற ஜே. சி. அருளப்பன் அவருடன் இணைந்து உழைத்து, பின்னர் கிறிஸ்டியன்பேட்டையில் அயல்நாட்டு மிஷனின் சம்பளத்தைச் சாராத ஊழியம் நடத்தினார். 1860இல் அவருடைய வட்டத்தில் எழுந்த எழுப்புதலில் ஆண்களும் பெண்களும் கூட்டங்களில் வெளிப்படையாகப் பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். மிஷனரிகள் சிலர் அதை வரவேற்றார்கள், சிலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

இந்த விடையின் மீதான கூர்மையான விமர்சனம் சபைக்கு வெளியே இருந்து வந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்ணுரிமைக் குழுக்களைப் பற்றி எழுதிய ஜோ ஃப்ரீமன், அமைப்பே இல்லாத குழு என ஒன்று கிடையாது என்று வாதிட்டார். அறிவிக்கப்பட்ட தலைவர் இல்லாவிட்டால் அறிவிக்கப்படாத தலைவர் உருவாவார். அவரைக் கேள்வி கேட்கவோ மாற்றவோ வழி இருக்காது. வீட்டு ஜெபக் குழுக்களுக்கும் இது பொருந்துவதாகத் தோன்றுகிறது. "யார் வேண்டுமானாலும் ஜெபிக்கலாம்" என்று சொல்லப்படும் கூட்டத்தில் வழக்கமாக ஜெபிப்பவர்கள் இரண்டு மூன்று பேரே. புதிதாக வந்தவர், படிப்பு குறைந்தவர், வயதில் இளையவர் ஆகியோர் பல வாரங்கள் வாய் திறக்காமலே இருப்பதுண்டு.

நான்காம் விடை: வழிநடத்தி

20ஆம் நூற்றாண்டின் விடை, தலைவர் பதில் சொல்பவர் அல்லர், பேச்சை முறைப்படுத்துபவர் என்பது. இதன் வேர்களில் ஒன்று சமூக உளவியல். 1939இல் கர்ட் லெவினும் லிப்பிட்டும் வைட்டும் சிறுவர் குழுக்களை வைத்துச் செய்த ஆய்வு, அதிகாரத் தலைமை, சனநாயகத் தலைமை, தலையிடாத் தலைமை என மூன்றைப் பிரித்துக் காட்டியது. இன்னொரு வேர் பாவ்லோ ஃபிரேயிரியின் கல்விச் சிந்தனை. மூன்றாவது, ஜோசப் கார்டைன் இளம் தொழிலாளர்களுக்கு வகுத்த "பார், சீர்தூக்கு, செயல்படு" என்ற முறை.

கத்தோலிக்கத் திருச்சபையில் இவை அடித்தளக் கிறிஸ்தவச் சமூகங்களில் சந்தித்தன. லத்தீன் அமெரிக்க ஆயர்களின் 1968ஆம் ஆண்டு மெதெயின் மாநாடு அவற்றுக்கு ஊக்கம் தந்தது. 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல், இத்தகைய சமூகங்கள் தலத்திருச்சபையோடும் ஆயர்களோடும் ஒன்றித்திருக்க வேண்டும் என்று வரம்புகள் வகுத்தார். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி நற்செய்திப் பகிர்வு ஆசியாவுக்கும் பரவியது. தமிழகப் பங்குகளில் அன்பியம் எனப்படும் இச்சமூகங்களின் கூட்டங்களில் இன்று பலர் பயன்படுத்துவது அதைத்தான்.

அந்த ஏழு படிகளைக் கூர்ந்து பார்த்தால் அதிகாரம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். முதலில் ஆண்டவரை அழைக்கும் ஜெபம். இரண்டாவது வாசிப்பு. மூன்றாவதில், தம்மைத் தொட்ட சொல்லையோ சிறு தொடரையோ ஒவ்வொருவரும் உரக்கச் சொல்கிறார்கள், விளக்கம் சொல்லக்கூடாது. நான்காவது மௌனம். ஐந்தாவதில் உள்ளத்தைத் தொட்டதைப் பகிர்கிறார்கள், அங்கே விவாதமும் பிரசங்கமும் கிடையாது. ஆறாவது, குழுவாகச் செய்ய வேண்டிய பணி. ஏழாவது, தன்னியல்பான ஜெபம். வழிநடத்துபவர் அடுத்த படியை அறிவிப்பதோடு சரி. வாசிக்கத் தெரியாதவரும் மூன்றாம் படியில் ஒரு சொல்லைச் சொல்லிவிட முடியும். தனிமனிதரின் திறமை தாங்க வேண்டிய பாரத்தின் பெரும்பகுதியை முறையே தாங்கிக்கொள்கிறது.

லண்டனின் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில் உருவான ஆல்ஃபா வகுப்புகள் இதே திசையில் வேறு வகையில் போயின. அங்கே பேச்சாளர் உரையில் போதிக்கிறார். சிறுகுழுவை நடத்துபவரோ பதில் சொல்வதைத் தவிர்த்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கப் பயிற்றுவிக்கப்படுகிறார்.

இந்த விடைக்கு எதிரான முக்கிய விமர்சனம், எல்லோரும் பகிர்கிறார்கள், யாரும் திருத்தப்படுவதில்லை என்பது. அமெரிக்கச் சிறுகுழுக்களைப் பற்றிச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோவ் 1994இல் வெளியிட்ட ஆய்வு, வயதுவந்தோரில் பத்தில் நான்கு பேர் ஏதோ ஒரு சிறுகுழுவில் இருப்பதாகக் கண்டது. அவை ஆதரவு தருகின்றன என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் உறுப்பினருக்கு வசதியான, கேள்வி கேட்காத கடவுளை அவை உருவாக்கும் ஆபத்தையும் சுட்டினார். மற்றொரு விமர்சனம் நேரெதிர்த் திசையிலிருந்து வருகிறது: முறைப்படுத்துபவர் நடுநிலையானவர் அல்லர். பகுதியைத் தேர்ந்தெடுப்பதும் கேள்வியை அமைப்பதும் விடையைப் பாதி தீர்மானித்துவிடும்.

பெருக்கத்தின் நெருக்கடி

சபை வளர்ச்சியை மையமாக வைத்த செல் குழு முறை ஐந்தாம் விடையாகத் தோன்றினாலும், அதை இரண்டாம் விடையின் பெரிதாக்கப்பட்ட வடிவமாகவே கருத இடமுண்டு. சியோலில் டேவிட் யாங்கி சோ 1964இல் வேலைப் பளுவால் உடல் தளர்ந்தபோது, சபையை வீட்டுக் குழுக்களாகப் பிரித்துப் பெண்களிடம் பெரும்பகுதிப் பொறுப்பை ஒப்படைத்தார். அவருடைய யோய்டோ முழு நற்செய்தி சபை பின்னாளில் உலகின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றானது. கொலம்பியாவின் சேசார் காஸ்தெயானோஸ், ஒவ்வொரு உறுப்பினரும் பன்னிரண்டு பேரை உருவாக்கும் தலைவராக வேண்டும் என்றார்.

இங்கே தலைவரின் வெற்றி குழு எத்தனையாகப் பிரிகிறது என்பதால் அளக்கப்படுகிறது. நெருக்கம் உருவாகும் வேளையில் குழுவைப் பிரிப்பது உறுப்பினருக்கு இழப்பாகப்படலாம். விசாரிக்கும் அதிகாரம் மேலிருந்து கீழாக அடுக்கப்படும்போது ஆபத்து இன்னும் கூடும். 1970களில் அமெரிக்காவில் பரவிய மேய்ப்பன் இயக்கத்தில் திருமணம், வேலை, பணம் ஆகியவற்றிலும் தன் மேய்ப்பனிடம் அனுமதி கேட்கும் பழக்கம் வளர்ந்தது. 1975இலேயே அது பெரும் சர்ச்சையானது. அதன் தலைவர்களுள் ஒருவரான பாப் மம்ஃபோர்ட் பின்னாளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மெதடிஸ்ட் வகுப்புத் தலைவரும் வாழ்க்கையை விசாரித்தவர்தான். ஆனால் அவர் கையில் அச்சிட்டு எல்லோரும் அறிந்த விதிகள் இருந்தன, வேதத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை இல்லை. மேய்ப்பன் இயக்கத்தில் இரண்டும் ஒரே கையில் சேர்ந்தன.

பெண்களும் பொறுப்பும்

எல்லா விடைகளுக்கும் குறுக்கே ஓடும் இழை ஒன்று உண்டு. மேடையில் பெண்ணுக்கு இடம் மறுத்த சபைகளும் வீட்டில் அவருக்கு இடம் தந்திருக்கின்றன. கணவர் ஊரில் இல்லாத 1711-12 குளிர்காலத்தில் ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி எப்வொர்த் வீட்டில் நடத்திய ஞாயிறு மாலை வாசிப்புக்கு இருநூறு பேர்வரை வந்தார்கள், துணைக் குரு புகார் எழுதினார். மெதடிஸ்ட் வகுப்புகள், சியோலின் செல் குழுக்கள், சீனாவின் வீட்டுச் சபைகள் என எங்கும் உழைப்பின் பெரும்பங்கு பெண்களுடையது. இதை அதிகாரப் பகிர்வு என்று சிலர் வாசிக்கிறார்கள். அதிகாரம் இல்லாத பொறுப்பு மட்டுமே கைமாறியது என்பது மற்றவர்களின் வாசிப்பு. பாடத்தை யார் எழுதித் தருகிறார்கள் என்று பார்த்தால் இரண்டாவது வாசிப்புக்கு வலு கூடுகிறது. போதகர் அச்சிட்டுத் தந்த குறிப்பை வாசித்து நடத்தும் தலைவரிடம் பேச்சை முறைப்படுத்தும் அதிகாரம் மட்டுமே இருக்கிறது.

மதிப்பீடு

ஒவ்வொரு விடையும் தனக்கு முந்தைய நிலையின் குறையைக் கண்டே எழுந்தது. ஆசிரியர் அறியாமையைப் பார்த்தார். விசாரிப்பவர் வாழ்வில் இறங்காத அறிவைப் பார்த்தார். தலைவர் வேண்டாம் என்றவர்கள் அதிகாரத்தைப் பார்த்தார்கள். வழிநடத்தி என்றவர்கள் பேசாதிருந்தவர்களைப் பார்த்தார்கள். எனவே எது சரி என்று பொதுவாகக் கேட்பதைவிட, மூன்று அதிகாரங்களில் எது யாரிடம் இருக்கிறது, அவர் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறார் என்று கேட்பது பயன் தரும் என்று தோன்றுகிறது. மூன்றும் ஒரே கையில் சேர்ந்தபோது அடக்குமுறைக்கும், எதுவும் யாரிடமும் ஒப்படைக்கப்படாதபோது மறைமுகத் தலைமைக்கும் வரலாறு சான்று தருகிறது. பிரித்துக் கொடுத்த முறைகள் நீடித்தன. அவையும் சடங்காகும் ஆபத்திலிருந்து தப்பவில்லை.

தீராத கேள்விகள் மூன்று. குழுவில் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்ற உறுதியும், ஒருவருக்குத் தீங்கு நேரும் செய்தியை உரியவரிடம் தெரிவிக்கும் கடமையும் மோதும்போது, குருப்பட்டமோ உளவளப் பயிற்சியோ இல்லாத தலைவர் என்ன செய்வது? இரண்டாவது, 2020க்குப் பின் பரவிய ஜூம் ஜெபக் கூட்டங்களில், பிறர் குரலை அடைக்கும் பொத்தான் கூட்டத்தைத் தொடங்கியவர் கையில் இருக்கிறது. பேச்சை முறைப்படுத்தும் அதிகாரம் இவ்வளவு முழுமையாக யாரிடமும் இருந்ததில்லை. இதற்கு எந்த மரபும் இன்னும் விதி வகுத்ததாகச் சொல்ல முடியாது. மூன்றாவது, வெற்றியின் அளவுகோல். எண்ணிக்கையை எளிதில் எண்ணிவிடலாம். ஒருவர் திருந்தினாரா, தாங்கப்பட்டாரா, முதல்முறையாக வாய் திறந்து ஜெபித்தாரா என்பதை எண்ணுவது கடினம். எதை அளப்பது என்று முடிவு செய்யாதவரை, நல்ல தலைவர் யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு சபையும் தன் அளவுகோலுக்கு ஏற்ற விடையையே கண்டுகொண்டிருக்கும்.